வியாழன் வரை சலோனிகி

நவம்பர் 3, ஞாயிறு

மகனை மண்ணிலிருந்து எடுக்கப் போகிறார்கள். பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மருமகள் ஸ்மாரோ போன் செய்து சொன்னாள்.

மூன்று வருடத் தவணை அக்டோபரோடு முடிந்துவிட்டது. சலோனிகியில் செத்தவனும் வாடகைக் குடித்தனம்தான். தவணை முடிந்தால் குழியைத் திறப்பார்கள். எலும்பை எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். பெட்டியை அங்கேயே எலும்பு மண்டபத்தில் வைக்கலாம், சொந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். குழிக்கு அடுத்த ஆள் காத்திருப்பான். குற்றம் சொல்ல முடியாது. இடம் என்னுடையதாக இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன்.

ஸ்மாரோ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து "அம்மா" என்பாள். என் மகன் பாந்தெலிஸின் அடக்கத்துக்குப் பிறகு அது நின்றுபோயிற்று. நேராக விஷயத்துக்கு வருவாள், முடிந்ததும் வைத்துவிடுவாள். என் போர்வை வியாபாரத்துக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

"பெட்டி நம்ம ஊரு கொசானிக்கு வரும். எங்க குடும்பக் கல்லறையில இடம் இருக்கு" என்றேன்.

"அதை நேர்ல பேசலாம்."

நேரில் பேசலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். நானே தினம் பத்துப் பேரிடம் சொல்கிறேன். கல்லறைத் தாள் அவள் பெயரில் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போடாமல் பெட்டி வாசலைத் தாண்டாது.

வீட்டுக்காரர் அனெஸ்டிஸிடம் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூட்டினார். நான் போய்ப் பயறு களைந்து ஊறவைத்தேன்.

நவம்பர் 6, புதன்

சந்தை. குளிர் இறங்கிவிட்டது, போர்வைக்கு நல்ல நாள். புலி போட்ட ஸ்பெயின் போர்வை ஐந்து போயிற்று. கல்யாணச் சீர் வாங்க வந்த ஒருத்தி இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"தோய்ச்சா சாயம் போகுமா?"

"அம்மாடி, நீ போவே, நான் போவேன், இந்தச் சாயம் போகாது. உன் பேரன் கல்யாணத்துக்கும் இந்தப் புலி இப்படியே முழிச்சுக்கிட்டு இருக்கும்."

தோளில் மூட்டையோடு தெருத்தெருவாகப் போன காலத்திலிருந்து அதே பேச்சு. இப்போது மூன்று வேன், ஒரு கடை. பேச்சை மாற்றவில்லை. அவள் இரண்டாக வாங்கிக்கொண்டு போனாள்.

பாந்தெலிஸுக்கும் இதே சரக்குதான், பெரிய அளவு. படிக்கப் போனபோது கொடுத்தேன். கடைசியிலும் அதையே சுற்றிப் போர்த்தி அனுப்பினேன். கடையில் இருப்பதிலேயே உயர்ந்தது அதுதான்.

வேன் கதவைச் சாத்தும்போது அனெஸ்டிஸ் கேட்டார்: "முதலாளியம்மா, அடுத்த வாரம் சந்தைக்கு யாரு?" மற்ற இரண்டு வேனும் போகும் என்றேன். "அப்ப சரி" என்றார். நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்த காலத்திலும் இப்படித்தான், எதற்கும் "அப்ப சரி."

நவம்பர் 8, வெள்ளி

நாத்தனார் தெஸ்பினா வந்திருந்தாள்.

"நல்லாக் கரைஞ்சிருக்கணும்னு மாதாவை வேண்டிக்கோ சுமேலா. சில பேரை மண்ணு ஏத்துக்காது. பெத்தவங்க சாபம் இருந்தா அப்படியே கிடப்பாங்களாம்."

"காப்பியைக் குடி."

"நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ ஒண்ணும் அவனைத் திட்டலையே?"

திட்டினேனா? மோட்டார் சைக்கிள் வாங்கினபோது திட்டினேன். எந்தத் தாய் திட்டவில்லை? தெஸ்பினா மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 11, திங்கள் – சலோனிகி

பேருந்தில் வந்தோம். பையில் வீட்டு ஒயின் ஒரு குப்பி, எலும்பு சுற்ற ஒரு வெள்ளைத் துணி, அனெஸ்டிஸின் மாத்திரை.

முப்பது வருடமாக வந்துபோகிற ஊர். மொத்த வியாபாரத் தெருவும் பேருந்து நிலையமும் ஆஸ்பத்திரியும் எனக்குத் தெரியும். மூன்று வருடமாகக் கல்லறையும் தெரியும். வேறு தெருவில் எனக்கு என்ன வேலை?

விடுதியில் சாவி கொடுத்த பையன், "சுத்திப் பார்க்க வந்தீங்களா?" என்றான். "ஆமா தம்பி" என்றார் அனெஸ்டிஸ். "நல்ல சமயம். கூட்டமே இல்ல" என்று ஊர்ப்படம் ஒன்றைக் கொடுத்தான். அதில் வெள்ளைக் கோபுரத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டான்.

லிஃப்டில் கேட்டேன், "என்னய்யா அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? அவனும் பாவம், சிரிச்சுக்கிட்டு நிக்கறான்."

அறைப் போர்வை சீனச் சரக்கு. சுடுநீரில் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஸ்மாரோ வேலை முடிந்து காப்பிக்கடைக்கு வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. இளைத்திருக்கிறாள், முடியை வெட்டியிருக்கிறாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்: ஜூனில் மறுபடி கல்யாணம். பையன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சரக்குக் கப்பல் வந்துவிட்டது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசியது.

"அப்ப நல்லதாப் போச்சு. வேற வீட்டுக்குப் போற பொண்ணுக்கு எலும்பு எதுக்கு? பெட்டியை நாங்க எடுத்துக்கறோம்."

"நான் எங்கயும் போகல. ரெண்டு தெரு தள்ளி. ஞாயித்துக்கிழமை விளக்கு நான்தான் ஏத்தறேன், இனியும் ஏத்துவேன்."

"புதுப் புருஷன் தீப்பெட்டி வாங்கிக் குடுப்பானா?"

அனெஸ்டிஸ் என் காலை மேஜைக்குக் கீழே மிதித்தார். ஸ்மாரோ கோபப்படவில்லை. "அவருக்குத் தெரியும். கூட வருவார்" என்றாள். பிறகு, "பாந்தெலிஸுக்குக் கொசானி பிடிக்காது. நிலக்கரிச் சாம்பல் ஊருன்னு சொல்வார். இங்கதான் இருக்கணும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

காப்பிக்கு அவளே காசு கொடுத்தாள்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. மழையில் குழி திறக்க மாட்டார்களாம். வியாழன் வரை தள்ளிப்போட்டாயிற்று.

அனெஸ்டிஸ் கட்டிலில் உட்கார்ந்து ஊர்ப்படத்தைப் பிரித்தார். "சுத்திப் பார்க்கத்தானே வந்திருக்கோம்? பார்ப்போம்."

போனோம். வட்டக் கோயில் பெரிசு. உள்ளே ஈர வாடை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார், கூரை ஓவியத்தில் தங்கப் பொடி ஒட்டிய பழைய முகங்களை. எனக்குக் கழுத்து வலித்தது. ஒரு வெளியூர் ஜோடி போனைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது, எடுத்தேன். பதிலுக்கு எங்கள் போனில் எங்களை எடுக்கிறோம் என்றார்கள். நிற்கவைத்தார்கள். கையால் வாயைக் காட்டிச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தோம். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. யார் பார்த்தாலும் சந்தோஷமான கிழடுகள் என்பார்கள்.

சாயங்காலம் மழை விட்டது. மீன் சாப்பிட்டோம். முள் அதிகம்.

நவம்பர் 13, புதன்

காலையில் கல்லறை வாசலில் இருக்கிற கடையில் பெட்டி வாங்கினேன். வாதுமை மரம், பித்தளைப் பூட்டு. கடைக்காரர் விலை சொன்னார், கொடுத்தேன். வெளியே வந்ததும் அனெஸ்டிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"விலை பேசலையே நீ."

"பேசலையா?"

"நாப்பது வருஷத்துல முதல் தடவை" என்றார். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். அதை விடுதியில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

வெள்ளைக் கோபுரத்தில் ஏறவேண்டும் என்றார். அவர் முழங்காலுக்கு அது ஆகாது என்றேன். கேட்கவில்லை. பாந்தெலிஸ் போனில் எப்போதும் சொல்வானாம்: "அப்பா, மேல ஏறினா வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒலிம்பஸ் மலை தெரியும், பனி மூடி, பக்கத்து வீட்டுக் கூரை மாதிரி." எனக்கு இது தெரியாது. என்னிடம் அவன் போர்வை பற்றியும் சாப்பாடு பற்றியும்தான் பேசுவான்.

மேலே போனால் மூடுபனி. கடலே பாதிதான் தெரிந்தது. ஒரு கப்பல் தண்ணீரில் நிற்கிறதா காற்றில் நிற்கிறதா தெரியவில்லை. அனெஸ்டிஸ் மலை இருக்க வேண்டிய பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், மலை தாமதமாக வருகிற பேருந்து என்பதுபோல.

"கொசானியிலயும் இதே பனிதான். இதைப் பார்க்கவா ஏறினே?"

"அங்க இருக்கறது சாம்பல்" என்றார்.

ஸ்மாரோ சொன்ன அதே சொல். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா? கேட்டேன். இல்லை என்றார். பிறகு சொன்னார்: "பையன் இங்க இருந்தா என்ன, சுமேலா? வந்து பார்த்துட்டுப் போவோம். நமக்கும் ஒரு ஊரு பார்த்த மாதிரி."

"நீ யாரு பக்கம்?"

"நான் கோபுரத்து மேல இருக்கேன். எனக்கு எந்தப் பக்கமும் தெரியல."

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே ஒருவன் கிழங்கு மாவு போட்டுக் காய்ச்சிய சூடான பால் விற்றான், மேலே லவங்கப்பட்டைப் பொடி. "ராணி, ஒரு கோப்பை குடிச்சா இருபது வயசு குறையும்!" என்றான். "எனக்குக் குறைக்க வேணாம். இவருக்கு முழங்காலுக்கு மட்டும் குறைச்சுக் குடு" என்றேன். அவன் சிரித்தான். அனெஸ்டிஸும் சிரித்தார். என் வாய்தான் பேசியது, நான் எங்கோ நின்றேன்.

நாளை காலை. தெஸ்பினா சொன்னது நினைவுக்கு வருகிறது. வரட்டும்.

நவம்பர் 14, வியாழன்

எழுதி முடித்துவிட்டுத் தூங்கவேண்டும்.

வெயில். குழி மேல் கிடந்த சலவைக்கல்லை நேற்றே எடுத்து வைத்திருந்தார்கள். பாதிரியார், குழி வெட்டுகிற ஸ்தாத்திஸ், அவருடைய ஆள் ஒருவன், நாங்கள் இரண்டு பேர், ஸ்மாரோ. அவள் மட்டும் வந்தாள், அந்தப் பையனைக் கூட்டி வரவில்லை. ஒயின் குப்பியை அவளிடம் கொடுத்தேன், கழுவுவது அவள்தான் என்று. அந்த மட்டுக்கும் நியாயம் எனக்குத் தெரியும்.

மண் வந்தது. பலகை வந்தது, உளுத்திருந்தது. ஸ்தாத்திஸ் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தாயே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளவில்லை. முதலில் நிறம்தான் தெரிந்தது. ஆரஞ்சு. ஸ்தாத்திஸ் கையால் மண்ணைத் தள்ளினார். ஒரு கண். மீசை. புலி.

அப்படியே இருந்தது.

பழக்கத்தில் குனிந்து ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். நாரெல்லாம் உறுதி. சாயம் போகவில்லை.

அதற்குக் கீழே என்னைப் பார்க்க விடவில்லை. அனெஸ்டிஸ் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஆகலை" என்றார் ஸ்தாத்திஸ். "எடுக்க முடியாது. திரும்ப வைக்கணும்."

எனக்குத் தெஸ்பினாவின் முகம் தெரிந்தது. கேட்டேவிட்டேன்: "சாபமா?"

"என்ன சாபம்? பாலியெஸ்டர்." காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "இது காத்தையும் விடாது, தண்ணியையும் விடாது. மாசத்துக்கு ரெண்டு மூணு பார்க்கறேன். பருத்தி போடுங்கன்னா யாரு கேக்கறா? பாசத்துல இருக்கறதுலயே ஒசத்தியானதைப் போட்டு அனுப்பறாங்க."

ஒரு சைப்பிரஸ் மரத்தில் காக்கை கத்தியது. அனெஸ்டிஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை அவர் குரலில்.

"சொன்ன மாதிரியே உழைச்சிருக்கு, முதலாளியம்மா."

ஸ்மாரோவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கினாள். "அம்மா... புலி... இப்படியே முழிச்சுக்கிட்டு..." அதற்கு மேல் வரவில்லை அவளுக்கு. கல்யாணமான புதிதில் ஒரு கோடை முழுக்க என் சந்தைக் கடையில் நின்றவள். அந்தப் பேச்சு அவளுக்கு மனப்பாடம். அனெஸ்டிஸின் தோளும் குலுங்கியது. நான் சிரித்தேனா? தெரியவில்லை. வாய் திறந்திருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் இல்லை. பாதிரியார் புத்தகத்தை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

துணியெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, வேறு வரிசையில் ஆழமில்லாத குழியில் வைப்பார்களாம். இரண்டு வருடம். "சுத்தறதுக்கு நல்ல பருத்தி விரிப்பா ஒண்ணு கொண்டாங்க. மத்தியானம் வரைக்கும் காத்திருக்கேன்."

பையில் இருந்த வெள்ளைத் துணி நினைவு வந்தது. அதுவும் என் சரக்குதான். பாதி பாலியெஸ்டர்.

அனெஸ்டிஸ் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நானும் ஸ்மாரோவும் டாக்சியில் சந்தைக்குப் போனோம். முதல் கடையிலேயே "நூறு சதம் பருத்தி" என்று எழுதி அடுக்கியிருந்தது.

"உன்கிட்ட லைட்டர் இருக்கா?" என்றேன். அவள் சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்தினேன். கருகி உருகி மணியாகக் கட்டிக்கொண்டது, பாலியெஸ்டர்.

"அம்மா! கடையைக் கொளுத்த வந்தீங்களா?" என்று கடைக்காரன் ஓடிவந்தான்.

"பருத்தின்னு எழுதியிருக்கே."

"எழுதியிருக்கறது பொய்யா?"

"எழுதறது நானும் எழுதுவேன், ராசா. அடுத்ததை எடு."

அடுத்ததும் மணி கட்டியது. "என் மாமியாரே இவ்வளவு பார்க்கல!" என்றான். மூன்றாவது, பழைய சரக்கு, உள்ளேயிருந்து எடுத்து வந்தான். நூல் நின்று எரிந்தது, காகித வாடை, ஊதினால் பறக்கிற சாம்பல்.

"இது."

"இருபத்தெட்டு யூரோ. கல்யாணச் சீருங்களா?"

ஸ்மாரோதான் பதில் சொன்னாள்: "இல்ல. தூங்கறதுக்கு."

"ஓரம் மஞ்சளா இருக்கு. எத்தனை வருஷமா உள்ள கிடக்கு இது? பதினஞ்சு தரேன்" என்றேன்.

"பதினஞ்சா! துணிக்கா, நூலுக்கா?"

"நூலுக்குத்தான் எரிச்சுப் பார்த்துட்டேனே. பதினேழு."

இருபதுக்கு முடிந்தது. விலை பேசினேன் என்பதே வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும் டாக்சியில் விரிப்பு இரண்டு பேர் மடியிலும் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஸ்மாரோ சொன்னாள்: "நாங்க முதல்ல இருந்த ரூமுல ரொம்பக் குளிரும். ஹீட்டர் கிடையாது. நாங்க ரெண்டு பேரும் அந்தப் புலியிலதான் ரெண்டு பனிக்காலம் ஓட்டினோம்."

நல்ல சரக்குதான் என்றேன்.

"நல்ல சரக்கும்மா" என்றாள்.

சுற்றியது ஸ்தாத்திஸ். ஒயினை மேலே ஊற்றியது ஸ்மாரோ. நான் மண் போட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று கிறிஸ்துமஸ் உபவாசம் ஆரம்பம், இறைச்சி கிடையாது. பொரித்த மட்டி சாப்பிட்டோம், மூன்று பேரும், கடற்கரையில். இரண்டாவது தட்டு வரும்போது பேச ஆரம்பித்தோம், காப்பிக்கு முன்னால் முடித்துவிட்டோம். யாரும் குரலை உயர்த்தவில்லை. அனெஸ்டிஸ் இடையிடையே எழுந்துபோய் வளைகுடாவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மலை தெரியுதா?" என்றாள் ஸ்மாரோ.

"இல்ல. ரெண்டு வருஷத்துல தெரியலாம்."

நவம்பர் 17, ஞாயிறு – கொசானி

நேற்றுச் சனிக்கிழமைச் சந்தை. ஒருத்தி புலிப் போர்வையைப் பிடித்துக்கொண்டு சாயம் போகுமா என்று கேட்டாள். போகாது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள்.

தெஸ்பினா இன்னும் வரவில்லை. வந்தால் ஸ்தாத்திஸ் சொன்ன ஒரே சொல்லைத்தான் சொல்லப் போகிறேன்.

காலிப் பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அனெஸ்டிஸ் அதைத் துடைத்துவிட்டு, விடுதிப் பையன் கொடுத்த ஊர்ப்படத்தை அதற்குள் வைத்தார். நான் எடுக்கவில்லை.

ஸ்மாரோவோடு பேசி முடித்ததை மறக்காமல் எழுதி வைக்கிறேன். கல்லறை அவள் பெயரிலும் என் பெயரிலும். இரண்டு வருட வாடகை பாதி பாதி. விளக்கு அவள். செத்தவர்களை நினைக்கிற ஆன்மாக்கள் சனிக்கிழமைக்கு வேகவைத்த கோதுமை நான் கொண்டுவருவது. ஜூன் கல்யாணத்துக்கு நாங்கள் போவது. முன் வரிசையில் உட்காருவதில்லை, போர்வை சீராகக் கொடுப்பதில்லை, இது அவள் கேட்டது. பெட்டி என்னிடம், அவன் அங்கே. பெட்டி அங்கே போகுமா, அவன் இங்கே வருவானா என்பதை மண் முடித்த பிறகு பேசுவது. அதுவரை இரண்டு பக்கமும் வாய் திறப்பதில்லை. மறுபடி குழி திறக்கும்போது மூன்று பேரும் இருப்பது, மழை வந்தாலும் வராவிட்டாலும் மூன்று நாள் முன்னதாகவே போய்விடுவது. விடுதிச் செலவு எங்களுடையது. சாப்பாடு அவளுடையது.